ஆண் தேனீப் பாடம்

என்னோடு ஒரே காலத்தில் பால்பல் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது நமக்கு இரண்டாம் முறையாக விழுந்துகொண்டிருக்கிறது, இனி முளைக்கப்போவதில்லை. நம்மை வீட்டில் எப்படியெல்லாம் படிக்கவைத்தார்கள் என்று பேச்சு வரும்போது, அடி வாங்கிய கதை, முட்டி போட்ட கதை என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். என் பங்குக்குச் சொல்ல என்னிடம் தேனீதான் இருக்கிறது. திண்டுக்கல் நாகல் நகரில், ஒரு தேனீகூட எட்டிப் பார்க்காத வீட்டில், ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் நாங்கள் தேனீ படித்தோம்.

அப்பா புகையிலைச் சிப்பம் அடுக்கிவைக்கிற கிட்டங்கி ஒன்றில் மேற்பார்வை பார்த்தார். பள்ளிக்கூடம் பாஸ் பண்ணுவதற்கு, அறிவு வளர்வது வீட்டில்தான் என்பது அவர் கட்சி. அதனால் வருடத்துக்கு ஒரு விஷயம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கான புத்தகங்களைத் தேடி வாங்கிவந்து, சாயங்காலமானால் எங்களை உட்காரவைத்துவிடுவார். அதற்கு முந்தைய வருடம் கப்பல். குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் நானும் அண்ணனும் பாய்மரத்தின் பாகங்களை மனப்பாடமாகச் சொன்னோம். கப்பல் முடிந்த கையோடு தேனீ வந்தது.

மதுரையில் பழைய புத்தகக் கடையிலிருந்து அப்பா மூன்று புத்தகங்கள் கொண்டுவந்தார். ஒன்று, தேனீப் பெட்டி வைக்கிற கிராமத்துக்காரர்களுக்காகத் தமிழில் அச்சடித்த சின்னப் புத்தகம். இன்னொன்று பள்ளிப் பிள்ளைகளுக்கானது. மூன்றாவது தடித்த இங்கிலீஷ் புத்தகம், அதில்தான் வண்ணப் படங்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை விரல் நுனியால் தூக்கிப் படத்தைக் காட்டும் உரிமை அப்பாவுக்கு மட்டுமே உண்டு. தூக்கும்போது பழைய பசையும் பூஞ்சையும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எந்தப் புத்தகத்திலாவது அந்த வாசனை அடித்தால் எனக்கு ஒரு தேனீயின் பின்னங்கால் ஞாபகம் வருகிறது. மகரந்தம் சுமக்கிற குழிவோடு பக்கம் முழுக்க அந்த ஒற்றைக் கால்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, தேனீ என்றால் சிட்டுக்குருவி அளவு இருக்கும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா வேலைவிட்டு வந்து குளித்துவிட்டுத்தான் பாடத்துக்கு உட்காருவார். குளித்தாலும் அவர் மேல் புகையிலை நெடி போகாது. கறுப்பு மை பூசிய ஒரு பலகையைச் சுவரில் சாய்த்துவைத்து, பழைய குடையிலிருந்து கழற்றிய கம்பியால் தொட்டுக் காட்டுவார். முதலில் படிப்பார், பிறகு கேள்வி கேட்பார், எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். வேலைக்காரத் தேனீ பிறந்ததும் முதல் வேலையாக என்ன செய்யும்? தான் பிறந்த அறையைத் தானே சுத்தம் செய்யும். பிறகு? குழந்தைகளுக்கு ஊட்டும், மெழுகு கட்டும், வாசலில் காவல் நிற்கும், கடைசியில்தான் வெளியே பறக்கும். பதில் சரியாக இருந்தால் அப்பா தலையை மட்டும் ஆட்டுவார். தப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பார். அடித்ததே இல்லை. அடித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று அண்ணன் சொல்வான்.

பக்கத்து வீடு தோல் வியாபாரம் செய்கிற ராவுத்தருடையது. ராவுத்தர் வீட்டம்மா ஒரு நாள் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்க வீட்ல எந்நேரமும் தேனு தேனுன்னுதான் சத்தம் கேக்குது. எங்க சின்னவனுக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. ரெண்டு கரண்டி குடேன்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க படிப்பு மட்டுந்தான்க்கா, தேனு இல்ல" என்றாள். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. மறுநாளே சிறுமலைத் தேன் என்று ஒரு பாட்டில் வாங்கிவந்தார். புத்தகத்தில் சொன்னபடி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுச் சோதித்துப் பார்த்து, பாதிக்குமேல் வெல்லப்பாகு என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைய பாடம் கலப்படம் பற்றியதாக மாறியது. அம்மா அந்த வெல்லப்பாகையே ராவுத்தர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சின்னவனுக்கு இருமல் நின்றுவிட்டது.

பாடம் நடக்கும்போது எங்களுக்குப் பின்னால், சுவரோரமாக, இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். அவர் மாமா, அம்மாவின் தம்பி. அவர் தவழ்கிற வயதில் அவர்களுடைய அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கல்யாணமான மறு வருடம் அவர்களுடைய அம்மாவும் போய்விட்டார். வடமதுரைப் பக்கத்தில் இருந்த வீடு பங்காளிகள் கைக்குப் போனது. அம்மா தம்பியின் கையைப் பிடித்து நாகல் நகருக்குக் கூட்டிவந்து, எங்களுக்கு முன்னால் அவரை வளர்த்தாள். நான் சொல்கிற வருடத்தில் அவருக்கு இருபது வயது இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டவர். பூட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போனார், அரம் தேய்க்கிற தூள் மூக்கில் ஏறுகிறது என்று நின்றுவிட்டார். சோடாக் கடையில் கொஞ்ச நாள் இருந்தார், அதுவும் நிற்கவில்லை.

ஆனால் அவர் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தெருவில் எந்த வியாபாரி கூவிக்கொண்டு போனாலும், அவன் அடுத்த தெருவுக்குத் திரும்பியதும், மாமா அதே குரலில் கூவி அவனையே திரும்பிப் பார்க்கவைப்பார். பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப் பெயர்களை அடுக்குவார். மலைக்கோட்டை அடிவாரத்துக்கு எங்களைக் கூட்டிப்போய்ப் பட்டம் விடுவார். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று அவரை அப்பா வழிச் சொந்தங்கள் சொல்வார்கள். அம்மா அதைக் கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி போடுவாள். அம்மா அவரைக் கெடுத்தாள் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். வேலையை விட்டு வந்த ஒவ்வொரு தடவையும், "போனாப் போகுது, சாப்புடு அப்பு" என்பதுதான் அவள் சொன்ன அதிகபட்சக் கண்டிப்பு.

அப்பாவுக்கு மாமாவைக் கண்டால் ஆகாது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இருந்தது பயம். அண்ணன் மாமாவையே சுற்றிச் சுற்றி வந்தான், மாமா மாதிரியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான், கணக்கில் மாமா மாதிரியே மார்க் வாங்கினான். இது எங்கே போய் முடியும் என்று அப்பா நினைத்ததில் தப்பில்லை.

பலகையில் அப்பா ஒரு நாள் எங்கள் வீட்டையே தேன்கூடாக வரைந்தார். நடுவில் ராணித் தேனீ, அது அம்மா. நான் சுத்தம் செய்கிறவள், அண்ணன் காவல், மூன்று வயதுத் தங்கச்சிப் பாப்பா இன்னும் கூட்டுப்புழு. எல்லாவற்றுக்கும் பெயர் போட்டு முடித்ததும் அண்ணன் கேட்டான்:

"அப்ப நீங்க யாருப்பா? வேலைக்காரத் தேனீ எல்லாமே பொம்பளைன்னு சொன்னீங்களே."

அப்பா குடைக்கம்பியைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். "நான் தேனீ இல்லடா. நான் வளக்குறவன்."

பின்னால் மாமா சிரித்துவிட்டார். கேலியாகக்கூட இல்லை, சும்மா அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அடுப்படியில் அம்மாவும் சிரித்த சத்தம் கேட்டது. அப்பா பலகையைத் துடைத்தார். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

இங்கே உங்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். மனைவியின் தம்பியை நேருக்கு நேர் கடிந்து பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அது மனைவியின் பிறந்த வீட்டையே வைவதற்குச் சமம். சொல்ல வேண்டியதைச் சாடையாகத்தான் சொல்ல வேண்டும். மாட்டைப் பார்த்து, "தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக் கெட" என்று சொன்னால், யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேரும். எங்கள் வீட்டில் மாடு இல்லை. நாயும் இல்லை. தேனீ இருந்தது.

மறுநாள் அப்பா, வரிசைப்படி வர வேண்டிய தேன் எடுக்கும் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஆண் தேனீப் பாடத்தை எடுத்தார். வழக்கத்தைவிடச் சத்தமாகப் படித்தார். மாமா பின்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது. மகரந்தம் சுமக்கக் காலில் பை கிடையாது. மெழுகு கட்டத் தெரியாது. அது என்ன செய்யும்?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"சாப்புடும்பா" என்றேன் நான்.

"யார் குடுப்பா?"

"மத்த தேனீங்க."

"எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு அப்பாவே பதிலும் படித்தார். பூ இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளும். பஞ்சம் வந்தால் வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றுசேர்ந்து ஆண் தேனீயின் இறக்கையைக் கவ்வி, இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே தள்ளிவிடும்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மாமா கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "நம்ம ஆளுதான் போலிருக்கு மச்சான்" என்றார் சிரித்தபடி. அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டு, வாங்கிக்கொண்டு, துடைத்துப்போட்டுவிட்டார். அத்தோடு அப்பா நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் அப்பா புத்தகப் பைத்தியம். சாடை பேச எடுத்த புத்தகம் என்பதே கொஞ்ச நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. அடுத்த பத்தியைப் படித்ததும் அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது.

"இதக் கேளுங்க, இது பெரிய அதிசயம். ஆண் தேனீக்குத் தகப்பனே கிடையாது."

"செத்துப்போயிருச்சாப்பா?" என்றான் அண்ணன்.

"இல்லடா. பொறக்கும்போதே கிடையாது. அது எப்புடிங்கறத பெரிய வகுப்புல படிப்ப."

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா கடலைத் தோலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர், அம்மாதான் பெருக்குவாள். அன்று ஒரு தோல் விடாமல் பொறுக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

காலையில் அம்மா தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றபோது, மாமா தகரப் பெட்டியோடு அங்கேயே வந்து சொல்லிக்கொண்டார். நான் அம்மாவுக்குத் துணையாக நின்றிருந்தேன்.

"செம்பட்டியில ஒரு கடையில ஆளு வேணுமாம்க்கா. போய்ப் பாத்துட்டு வாரேன்."

"பெட்டி எதுக்குடா?"

"சும்மாதான்" என்றார். அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே தெருமுனைவரை போனாள். திரும்பி வந்தபோது எங்கள் முறை போய்விட்டிருந்தது. அன்றைக்கு ராவுத்தர் வீட்டில் தண்ணீர் வாங்கித்தான் சமைத்தோம்.

அப்பாவுக்குச் சில நாள் திருப்தியாகவே இருந்தது. "வெளிய போனாத்தான் ஆம்பளைக்குப் பொறுப்பு வரும்" என்று யாரிடமோ சொன்னார். அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆக்கினாள், போட்டாள், துவைத்தாள். பாடம் தொடங்கியதும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "பொகை அங்குட்டு வரும்" என்றாள். அந்நேரம் அடுப்பு அணைந்துதான் இருக்கும்.

அந்த வருடம் பாப்பாவுக்குக் காதுகுத்துவதாக முடிவாகியிருந்தது. வடமதுரையைத் தாண்டி எங்கள் குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, கிடா வெட்டிக் காது குத்த வேண்டும். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் நாவிதர் கத்தியை எடுப்பார், ஆசாரி ஊசியை எடுப்பார். இது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்பாவுக்கும் தெரியும். அவர் செம்பட்டிக்கு ஒரு தபால் கார்டு போட்டார். பதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "கார்டுக்குப் பதிலக் காணோம். உங்க சித்தப்பா மகன் ஒருத்தன் வேடசந்தூர்ல இருக்கானே. அவனும் மொறைக்குத் தாய்மாமன்தானே."

அம்மா எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"தாய்மாமனக் கார்டு போட்டுக் கூப்புடுற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?" என்றாள். "எங்க அப்பா இல்ல, ஆத்தா இல்ல, வீடும் இல்ல. பொறந்த வீடுன்னு எனக்கு இருக்குறது அவன் ஒருத்தன்தான். அவன் மடியில உக்காந்து குத்துனாக் குத்துங்க. இல்லாட்டி எம்மக மூளிக்காதோட இருக்கட்டும்."

"நான் அவனப் போகச் சொன்னேனா? பாடந்தானே படிச்சேன்."

"சோம்பேறின்னு நீங்க சாடை சொன்னதுக்கு அவன் போகல. அதத்தான் ஊரே சொல்லுதே, அவனுக்கு அது பழக்கந்தான். தகப்பன் இல்லாதவன்னு புள்ளைக முன்னால வாசிச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் போனான்."

அப்பா அதை நினைத்தே பார்க்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கே அவர் முகத்தில் தெரிந்தது. குறி வைத்து எறிந்த கல் படவில்லை, கை தவறி விழுந்த கல் பட்டுவிட்டது. அன்று சாயங்காலம் பாடம் இல்லை. அப்பா இங்கிலீஷ் புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத் தட்டை மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு அப்பா செம்பட்டிக்குக் கிளம்பினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, பழம், தேங்காய் எல்லாம் அம்மாவே எடுத்துவைத்தாள். என்னையும் கூடவே அனுப்பினாள். பஸ்ஸில் பாதி தூரம் போனதும் அப்பா என் காதருகே குனிந்தார்.

"அங்க போய் உக்காந்ததும் நீ என்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். ஆண் தேனீ வேற கூட்டுக்குப் போனாச் சேத்துக்குவாங்களான்னு கேளு."

"சேத்துக்குவாங்களாப்பா?"

"இப்ப இல்ல, அங்க வச்சு. பூ நெறைய இருக்குற காலத்துல எந்தக் கூட்டுக்குப் போனாலும் தொறந்து விட்டுரும்னு போட்டிருக்கு. அந்தப் பக்கத்த அன்னைக்கு நான் வாசிக்கல. நீ கேட்டா நான் பதில் சொல்லுவேன், அவன் புரிஞ்சுக்குவான்."

சாடையாகப் போன காரியத்தைச் சாடையாகவே சரிக்கட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். நேராக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பஸ் இறங்கும்வரை என்னைக் கேள்வியை இரண்டு மூன்று தடவை சொல்லவைத்துப் பார்த்தார்.

செம்பட்டி நாற்சந்தியில் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மாமாவின் குரல்தான் வழி காட்டியது. பூவும் காய்கறியும் வந்திறங்குகிற ஒரு கமிஷன் கடையின் முற்றத்தில், கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் தலைப்பாகைக்காரர்கள். மாமா ஒவ்வொருவரையும் முறை வைத்துக் கூப்பிட்டு, சீண்டி, சிரிக்கவைத்து, விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி நின்று, பிறகு அந்த ஏலத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

"வாங்க மச்சான்" என்றார். "வா கழுதை" என்று என் தலையில் கைவைத்தார்.

செண்டுப்பூ மூட்டைகள் அவிழ்த்துக் கொட்டியிருந்த இடத்தில் ஒரு பலகையில் உட்காரவைத்தார். அங்கேதான் நான் முதல்முதலாகத் தேனீயைப் பார்த்தேன். குவியலின் மேல் சுற்றிச் சுற்றி வந்தது. ஏமாற்றமாக இருந்தது, இம்புட்டுத்தானா என்று. ஈயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அப்பாவும் அப்போதுதான் இத்தனை பக்கத்தில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தேனீ பக்கத்தில் வந்தால் அசையக் கூடாது, கையை வீசக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர், ஒன்று முகத்தருகே வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசு வீசென்று வீசினார். காட்டமான நெடி தேனீக்கு ஆகாது என்றும் புத்தகத்தில் இருந்தது. அப்பா மேலிருந்த புகையிலை நெடி எங்களுக்குப் பழகிப்போனது, தேனீக்குப் பழக்கமில்லை. மேலுதட்டில் கொட்டிவிட்டது.

அப்பா "ஆத்தீ" என்று உதட்டைப் பொத்தினார். மாமா ஓடிவந்து கையை விலக்கி, கொடுக்கைப் பிடித்து இழுக்கப் போனார். அந்த வலியிலும் அப்பா, "புடுங்காத, புடுங்காத. நகத்தால கீறி எடு. புடுங்குனா வெசம் உள்ள எறங்கும்" என்றார். மாமா மறுபேச்சில்லாமல் கட்டைவிரல் நகத்தால் கீறி எடுத்தார். பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்து, தாம்பூலத் தட்டிலிருந்த சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, விரலில் தொட்டு அப்பாவின் உதட்டில் தடவினார். இருவர் முகமும் அத்தனை பக்கத்தில் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், இதுதான் நேரம் என்று நினைத்து நான் எழுந்து நின்று கேட்டேன்: "அப்பா, ஆண் தேனீ வேற கூட்டுக்குப் போனாச் சேத்துக்குவாங்களா?"

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். உதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பூ" என்று ஆரம்பித்தார், காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். பிறகு விட்டுவிட்டுத் தட்டை எடுத்து இரண்டு கையாலும் மாமா முன்னால் நீட்டினார்.

"தப்பா வாசிச்சுட்டேன் மாப்ளே" என்றார், குழறிக் குழறி. "உங்க அக்கா பேச மாட்டேங்குறா. வந்துரு."

மாமா உடனே வாங்கவில்லை. முற்றத்தில் யாரோ அவரை அடுத்த ஏலத்துக்குக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து தட்டை வாங்கினார்.

"பாப்பாவுக்காக வாரேன் மச்சான்" என்றார். அந்தப் பதிலில் எது இருந்தது, எது இல்லை என்று அப்பாவுக்குப் புரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் என்னோடு பேசவில்லை. வீக்கத்தால் பேச முடியவில்லை என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

காதுகுத்தன்று மாமா மேளத்தோடு வந்தார். சீர்த்தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏலக்கடைக்காரர்கள் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். பட்டுப்பாவாடை, கம்மல், பழம், நாட்டுச் சர்க்கரை, ஒரு கூடை நிறைய மல்லிகை. அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்து, "தம்பி செஞ்ச சீரா?" என்று கேட்கக் கேட்க, அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "ஆமா, எந்தம்பி செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே பதிலை அத்தனை பேருக்கும் சொன்னதில் அவளுக்கு அலுக்கவே இல்லை. பாப்பா மாமா மடியில் உட்கார்ந்து, மொட்டைக்குச் சும்மா இருந்துவிட்டு, ஊசிக்கு அலறி, அவர் கையைக் கடித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அப்பா, "ராத்திரி வீட்ல தங்கிட்டுப் போகலாமே" என்றார். "காலையில வெள்ளன ஏலம் மச்சான்" என்றார் மாமா. அதற்குப் பிறகும் வந்தார், போனார், அண்ணனுக்குக் கணக்கு நோட்டு வாங்கிக்கொடுத்தார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. செம்பட்டியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். அப்பா தேனீப் புத்தகங்களை மேல் பரணில் போட்டார். மறு வருடம் நட்சத்திரம் ஆரம்பமானது. நட்சத்திரத்தை வைத்து யாரையும் சாடை பேச முடியாது என்று அவர் யோசித்து எடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது.

அந்த நட்சத்திர வருடத்தில் ஒரு நாள், புளிக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது. சாதாரணச் சண்டைதான். அதற்கு முன்னால் எத்தனையோ வந்திருக்கிறது, அம்மா அடுப்படியில் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அன்று அவள் அழவில்லை. முகம் கழுவினாள். தலை வாரினாள். இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று, ராவுத்தர் வீடுவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நான் எங்க பொறந்த வீட்டுக்குப் போறேன்."

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததில்லை. ராவுத்தர் வீட்டம்மா வெளியே வந்து பார்த்தார், தடுக்கவில்லை. அப்பாவும் தடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவ?" என்று மட்டும் கேட்டார்.

"தோணும்போது வாரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா செம்பட்டி பஸ்ஸுக்கு நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிற ஒரு பெண் தெருவில் அத்தனை நிமிர்ந்து நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.